பத்தாயிரம் வாட் பெருமை

தன் புகழைத் தன் அட்டைப்பெட்டியிலேயே எழுதிக்கொண்டு வரும் பாக்கியம் எல்லாப் பொருளுக்கும் வாய்ப்பதில்லை. நம் ஊர்க் கடைகளில் ‘ஹோம் தியேட்டர்’ என்று விற்கும் 5.1 செட்டுக்கு அது வாய்த்திருக்கிறது. பெட்டியின் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் 10,000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் பிஎம்பிஓ. அந்த நான்கு எழுத்தை எப்படி அளப்பது என்பதற்கு உலகத்தில் யாரும் ஒப்புக்கொண்ட முறை கிடையாது. ஆண்டவனுக்கு அடுத்தபடியாக அளவுக்கு அப்பாற்பட்டது என்ற சொல்லை அச்சமின்றிச் சூட்டக்கூடிய பொருள் இது.

செட்டின் கம்பி ஓர் ஆறு ஆம்பியர் பிளக்கில் முடிகிறது. 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியர் என்றால் அந்தத் துளை தரக்கூடியது மொத்தம் 1,380 வாட். செட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைப் படித்தால் அது உண்மையில் இழுக்கும் மின்சாரம் தெரியும். பெரும்பாலும் இரண்டு இலக்கம், மிஞ்சினால் மூன்று. வாங்குவது நூறை ஒட்டி, வழங்குவது பத்தாயிரம். கேட்டதைக் கொடுத்த வள்ளல்களைப் பாடிப் பழகிய மொழி நம்முடையது. தன்னிடம் இல்லாததையே கொடுக்கும் வள்ளலைப் பாடும் வாய்ப்பு இப்போதுதான் அதற்குக் கிடைத்திருக்கிறது.

பக்கத்து அலமாரியில் நிற்கும் நல்ல சரவுண்ட் ஸ்பீக்கரின் வறுமையையும் பார்க்க வேண்டும். அதன் பின்பக்கத்தில் 8 ஓம், 87 டெசிபல் என்று இரண்டு எண்கள். எத்தனை வாட் தாங்கும் என்று கேட்டால் 20 முதல் 100 வரை என்று கூச்சத்தோடு சொல்லும். அந்த 87-க்குப் பொருள், ஒரே ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 87 டெசிபல் ஒலி கிடைக்கும் என்பது. இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவில்தான். ஆக, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு படத்தின் பெரும்பகுதி ஒன்றிரண்டு வாட்டிலேயே முடிந்துவிடுகிறது. வாட்டை இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல் மட்டும். சத்தம் இரண்டு பங்காகத் தோன்ற வேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். இத்தனை உண்மையையும் விலை பேசும் முன்பே சொல்லிவிடும் ஒரு பொருள் கடையின் முன்வரிசைக்கு எப்படி வரும்? தூசி படிந்து உள்ளறையில் கிடப்பது அதன் வாய்க்குக் கிடைத்த தண்டனை.

செட்டை ஒலிக்கவிட்டுக் காட்டும்போது கடையில் போடுவது எப்போதும் ஒரு சண்டைக் காட்சி, இல்லையென்றால் ஒரு குத்துப்பாட்டு. “பேக் ஸ்பீக்கர் தனியா கேக்குது பாருங்க சார்” என்பார் விற்பனையாளர். கேட்கிறது. முன்னால் கேட்கும் எல்லாமே பின்னாலும் கேட்கிறது. நாயகன் திரையில் வாயசைக்கிறான். அவன் குரல் நம் பிடரியிலிருந்தும் வருகிறது. வயலின் நான்கு மூலையிலும் இருக்கிறது, தபேலா நான்கு மூலையிலும் இருக்கிறது, அம்மாவின் அழுகையும் நான்கு மூலையிலும் இருக்கிறது. உயர்வு தாழ்வு, முன்னவன் பின்னவன் என்ற பேதமே இல்லாத ஒரு சபை அது. கொடுத்த காசுக்கு ஐந்து ஸ்பீக்கரும் ஒரு நொடி ஓயாமல் உழைக்கின்றன என்பதை வாங்குபவர் தன் காதாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நல்ல சரவுண்டோ சோம்பேறி. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் வாயே திறக்காது. எழுந்துபோய் அதன்மேல் காதை வைத்தால்தான் தூரத்துச் சாலையின் இரைச்சலோ மின்விசிறியின் மூச்சோ மிக மெல்லியதாக வந்துகொண்டிருப்பது தெரியும். மழைக்காட்சி வந்தால் மழை நம்மைச் சுற்றிப் பெய்யும். ஆனால் அது எந்த ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று விருந்தாளிக்கு விரல் நீட்டிக் காட்ட முடியாது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளைக் காட்ட வழியில்லாத குறையை அது வீட்டுக்காரர் தலையில் சுமத்துகிறது. அதை அணைத்தால் மட்டுமே அது இருந்தது தெரியும். அறை சட்டென்று சுருங்கி, படம் திரைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். செட்டின் பின் ஸ்பீக்கர்களை அணைத்தால் இப்படி எந்த இழப்பும் நேராது. வசனம் தெளிவாகும், அவ்வளவுதான். தன் பிரிவால் யாரையும் வருத்தாத பெருந்தன்மை அதற்கு.

ஒலியை இடம் பிரித்து வைப்பதற்கு உலகம் பட்ட பாட்டை நினைத்தால் இந்தச் செட்டின் சாதனை இன்னும் பெரிதாகத் தெரியும். 1940-இல் வால்ட் டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’ ஃபேன்டசவுண்ட் என்ற முறையில், சில அரங்குகளில் மட்டும், ஒலியைத் திரையை விட்டு இறக்கிக் கூடத்துக்குள் நடமாடவிட்டது. 1979-இல் ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்துக்கு வால்டர் மர்ச் அமைத்த ஒலியில், 70 மிமீ பிரதி ஓடிய அரங்குகளில், பின்புறத்து இடமும் வலமும் தனித்தனியாகப் பிரிந்தன. ஹெலிகாப்டர் பார்வையாளர்களைச் சுற்றிப் பறந்தது. 1982-இல் டால்பி சரவுண்ட் வீட்டுக்கு வந்தபோது பின்பக்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு சேனல்; அதுவும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பேசாது. 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு டால்பி டிஜிட்டலும், 1993-இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு டிடிஎஸ்ஸும் வந்தபிறகுதான் ஒவ்வொரு மூலைக்கும் தனித்த குரல் நிலைத்தது. இத்தனை பேர் அரை நூற்றாண்டு பாடுபட்டுப் பிரித்ததைச் செட்டின் முகப்பில் உள்ள ஒரே பொத்தான் ஒரு நொடியில் சேர்த்துவைத்துவிடுகிறது. பிரிந்தவர் கூடுவதை விரும்பாதவர் யார்?

அந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டிவியிலிருந்து செட்டுக்குப் போவது சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு முனை கொண்ட ஆடியோ கம்பி. அதில் வருவது இடம், வலம் என்று இரண்டே சேனல். உண்மையான 5.1 வேண்டுமென்றால் டிவியின் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி துளையிலிருந்தோ ஆப்டிகல் துளையிலிருந்தோ வர வேண்டும். அதைப் பிரித்தறியும் டீகோடர் உள்ளே இருக்க வேண்டும். பல செட்டுகளில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் போர்டு, வந்த இரண்டைப் பகிர்ந்து ஐந்தாக்கி, தாழ்ந்த சுருதியை வடிகட்டி ஆறாவதாக வூஃபருக்கு அனுப்பிவிடுகிறது. வராத விருந்தினருக்கும் இலை போட்டுப் பரிமாறும் இந்த உபசரிப்பை விலைச்சீட்டில் எங்கும் சொல்லிக்காட்டுவதில்லை.

அந்த வூஃபரின் உழைப்பும் தனியாகப் பாடத்தக்கது. செட்டோடு வரும் சாட்டிலைட் ஸ்பீக்கர் உள்ளங்கையில் அடங்கும். மூன்று அங்குலக் கூம்பு. 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் தெம்பாகப் பேச முடியாது. ஆண் குரலின் அடிநாதமோ பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள். ஆகவே நாயகனின் தொண்டை டிவியிலும் அவன் நெஞ்சு சோபாவின் பக்கவாட்டில் வைத்த வூஃபரிலும் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எங்கிருந்து வருகிறது என்று நம் காது கண்டுபிடிப்பது கடினம். நல்ல அமைப்புகளில் அந்த எல்லையிலேயே வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் வூஃபரை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். செட் தயாரித்தவர் அந்த அநியாயத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அவருடைய வூஃபர் வசனமும் பேசும்.

சரவுண்ட் ஸ்பீக்கர் தேர்வு என்பது பாதி கடையிலும் பாதி வீட்டுச் சுவரிலும் நடக்கிற காரியம். சுவரைப் பொறுத்தவரை நல்ல ஸ்பீக்கரின் பிடிவாதம் சொல்லி மாளாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ் 775 பரிந்துரை, நாம் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் திசையைச் சுழியமாக வைத்து, முன் ஸ்பீக்கர்கள் இருபுறமும் 30 பாகையிலும் சரவுண்டுகள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்கட்டும் என்கிறது. டால்பி தன் வீட்டு அமைப்புக்குச் சொல்வதும் ஏறத்தாழ இதை ஒட்டியதுதான். எப்படிப் பார்த்தாலும் காதுக்கு நேர் பக்கவாட்டிலோ சற்றே பின்னாலோ, காதின் உயரத்தை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ வர வேண்டும். நம் வீட்டில் அந்த இடத்தில் ஒருபுறம் கதவு இருக்கும், மறுபுறம் பீரோ இருக்கும். நல்ல ஸ்பீக்கர் பீரோவை நகர்த்தச் சொல்லும். அத்தோடு விடாது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி எடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கரும் நம் தலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து ரிசீவரில் பதியச் சொல்லும், அல்லது மைக்கை நம் காது இருக்கும் இடத்தில் நிறுத்திப் பீப் பீப்பென்று சோதித்துத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டிவிட்டால் முகம் கோணும். மருமகன் வீட்டுக்கு வந்தால்கூட இத்தனை மரியாதை எதிர்பார்க்க மாட்டார்.

செட்டுக்கு இந்த வம்பு எதுவும் கிடையாது. கம்பி எங்கே முடிகிறதோ அதுவே அதன் இருப்பிடம். பின் ஸ்பீக்கர் இரண்டையும் டிவி ஷோகேஸின் தலையிலேயே வைக்கலாம். பின்னால் நிற்க வேண்டியது முன்னால் வந்து நிற்கும். ஒன்றை லாஃப்டில் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்திலும் மற்றொன்றை ஜன்னல் திட்டில் பூந்தொட்டிக்குப் பின்னாலும் வைத்தாலும் ஒரு முணுமுணுப்பும் வராது. எங்கே வைத்தாலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். இந்தப் பொறுமை பெரிய விலைப் பொருளுக்கு வராது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பெரிய விலைப் பொருளை வாங்குகிறவர்களையும் புகழாமல் விட்டால் அது பாரபட்சம். 2012-இல் ‘பிரேவ்’ படத்தோடு டால்பி அட்மாஸ் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி’யின் முப்பரிமாண வடிவம் அட்மாஸ் ஒலியோடு நம் அரங்குக்கு வந்தது. தலைக்கு மேலிருந்தும் ஒலி இறங்கலாம் என்று தெரிந்ததும், பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் 7.1.4 கட்டி முடித்த வீரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பதினோரு ஸ்பீக்கர், ஒரு வூஃபர். காங்கிரீட் தளத்தைத் துளைக்க முடியாது என்பதால் ஃபால்ஸ் சீலிங் போட்டு அதில் நான்கைப் பதித்திருப்பார்கள். சோபாவின் முதுகு பின்சுவரோடு ஒட்டியிருக்கும். பின் சரவுண்டுகளுக்கு வகுத்த இடம் 135 முதல் 150 பாகை. அந்த அறையில் அந்த இடம் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சமையலறையில் வரும். ஆகவே சுவரிலேயே, தலைக்கு ஒரு சாணில் மாட்டியிருப்பார்கள். தூரம் இரண்டு பங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது திறந்தவெளிக் கணக்கு. தூரம் சாணாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை அந்தச் சோபாவில் அமர்ந்தவர் மற்ற பத்து ஸ்பீக்கரையும் மறந்து உணரலாம். படத்தில் எத்தனை திசை இருந்தாலும் ஒரே திசையில் மனத்தை ஒருமுகப்படுத்தும் இந்தச் சாதனைக்குத் தியானம் செய்வோர் வருடக்கணக்கில் பாடுபடுகிறார்கள்.

அப்படிப்பட்ட அறைக்கென்றே ஒரு வகை ஸ்பீக்கர் இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். டைபோல் என்பார்கள். முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு கூட்டக் கூம்புகள், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பக்கவாட்டுக்கு வரும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த ஊமைப் பக்கத்தைக் கேட்பவரின் காதுக்கு நேராகத் திருப்பி வைப்பார்கள். காதுக்கு நேரே எதுவும் வராமல், சுவரில் பட்டுச் சிதறியே வந்து சேரும். டாம்லின்சன் ஹோல்மன் வகுத்த டிஹெச்எக்ஸ் முறை வீட்டுக்கு இதைப் பரிந்துரைத்த காலம் ஒன்று உண்டு. அன்று பின்பக்கத்துக்கு ஒற்றைச் சேனல்தான் என்பதால் அதை அறை முழுதும் பரப்ப இந்த உத்தி அழகாகப் பொருந்தியது. ஒவ்வொரு ஒலிக்கும் தனி இடம் குறிக்கப்படும் இன்றைய முறைக்கு நேராக ஒலிக்கும் சாதாரண ஸ்பீக்கரே ஏற்றது. இரண்டுக்கும் நடுவில், இரு கூட்டமும் சேர்ந்தே தள்ளும் பைபோல் என்றொரு வகை உண்டு. சோபாவுக்கு மிக அருகில் மாட்ட வேண்டிய நெருக்கடி அறைக்கு அது உதவும். இத்தனை வகை இருக்கிறது என்பதையே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல், குழப்பத்திலிருந்து அவரைக் காத்து அனுப்பும் கடைகளின் கருணைக்குக் கைம்மாறு கிடையாது.

அறையின் கொடையையும் மறக்கக் கூடாது. தரையில் வழவழப்பான டைல்ஸ், சிமென்ட் பூசிய வெற்றுச் சுவர், மேலே காங்கிரீட். ஒருமுறை கைதட்டினால் சுவருக்குச் சுவர் தத்தித் தத்திப் பல கைதட்டல் கேட்கும். ஒரு வசனத்துக்கு நாலு வசனம் இலவசம். அறை பத்துக்குப் பத்துக்குப் பத்தாக அமைந்துவிட்டால் யோகம் இன்னும் பெரிது: நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 56 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரே சுருதியைத் தூக்கி நிறுத்தும். மிருதங்கத்தின் தொப்பி, லாரியின் இன்ஜின், யானையின் உறுமல் எல்லாம் ஒரே ‘தும்’ ஆகும். நல்ல ஸ்பீக்கர் இங்கும் குற்றம் கண்டுபிடிக்கும். கனமான திரைச்சீலை போடு, தரையில் ஜமுக்காளம் விரி, முதலில் ஒலி பட்டுத் திரும்பும் பக்கச்சுவரில் புத்தக அலமாரி வை, சோபாவைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழு என்று நச்சரிக்கும். அதன் பேச்சைக் கேட்டால் செலவு சில ஆயிரத்தோடு முடிந்துவிடும்; கடைக்காரருக்கு அடுத்த செட் விற்கிற வாய்ப்பு போய்விடும்.

இவற்றையெல்லாம் எழுதும்போது எனக்கு எச். ஸ்ரீதர் நினைவு வருகிறது. ‘மகாநதி’, ‘தில் சே’ படங்களின் ஒலிக்காகத் தேசிய விருது பெற்றவர், 2008-இல் மறைந்தார். அவரைப் போலவே, அவர் வழி வந்த சென்னை ஒலிக்கலைஞர்களும் இருட்டறையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு காகம் இடப்பின்னால் கத்த வேண்டுமா, கோயில் மணி தெரு முனையிலா இரண்டு தெரு தள்ளியா, கதவு மூடியபின் வெளி இரைச்சல் எவ்வளவு மங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்கிறார்கள். அந்தக் காகத்துக்காகத்தான் சரவுண்ட் ஸ்பீக்கர் என்ற பொருளே இருக்கிறது. நம் செட் அந்தக் காகத்தை நான்கு மூலையிலும் உட்கார வைத்து, மணியை நம் மடியிலேயே கட்டி, மூடிய கதவுக்கு உள்ளேயும் தெருவைக் கொண்டுவருகிறது. கலைஞர் ஒளித்து வைத்த எதையும் அது ஒளிக்க விடுவதில்லை. அவர் ஒரு முறை முடிவு செய்ததை அது ஒவ்வொரு நொடியும் மாற்றி முடிவு செய்கிறது, ஊதியமும் கேட்பதில்லை.

ஆகவே கடைக்குப் போகிறவர் சண்டைக் காட்சியோடு நின்றுகொள்வது செட்டுக்கு நல்லது. கையில் ஒரு மழைக்காட்சியோ, கிராமத்து இரவோ, கூட்டத்துக்கு நடுவே இருவர் பேசும் இடமோ எடுத்துப் போய், அதைச் சாதாரண சத்தத்தில் போடச் சொல்லக் கூடாது. மூன்று முன் ஸ்பீக்கரும் இரண்டு பின் ஸ்பீக்கரும் ஒரே குடும்பத்தவையா, ஒரே வகை ட்வீட்டரா, ஒரு மோட்டார் சைக்கிள் முன்னிருந்து பின்னுக்குப் போகும்போது வழியில் வேறு வண்டியாக மாறிவிடாமல் அதே வண்டியாகவே போகிறதா என்று கவனிக்கவே கூடாது. ஏழெட்டு ஸ்பீக்கருக்கு ஆசைப்பட்ட பணத்தில் நல்லதாக ஐந்து வாங்கலாமே என்று கடைக்காரரிடம் கேட்டுவிடவும் கூடாது. இத்தனை வருடம் யாரும் கேட்காமல் காத்துவந்த நட்பு அது.

கடைசியாக, செட்டின் ஒற்றுமை. ஆம்ப்ளிஃபயர், டீகோடர் என்று சொல்லப்படுவது, ப்ளூடூத், பலவண்ண விளக்கு எல்லாம் வூஃபர் பெட்டிக்குள் ஒரே போர்டில் குடியிருக்கின்றன. அந்தப் போர்டில் ஒரு சில்லு போனால் ஐந்து சாட்டிலைட்டும் அந்த நொடியே வாய் மூடும். ஒன்றுகூடத் தனியே வாழ ஒப்பாது. அவற்றின் முனைகள் வேறு எந்த ஆம்ப்ளிஃபயரிலும் எளிதில் மாட்டா. கடைக்காரர் புது மாடலைக் காட்டுவார். அதில் 12,000 வாட் என்று இருக்கும். நல்ல சரவுண்டுக்கு இந்த விசுவாசம் கிடையாது. ஆம்ப்ளிஃபயர் செத்தாலும் கம்பியைக் கழற்றி அடுத்ததில் மாட்டிக்கொண்டு பாடும். ரிசீவர் நாலு மாறினாலும், 5.1 போய் வேறு எண் வந்தாலும், இருபது வருடம் அதே 87 டெசிபலைச் சொல்லிக்கொண்டு அதே சுவரில் இருக்கும்.